திரையில் எதைப் பார்ப்பது: வீட்டுக்கும் மறைக்கல்வி வகுப்புக்கும்

பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி நல்ல படமாக ஒன்று சொல்லுங்கள் என்று மறைக்கல்வி ஆசிரியர்களிடமும் அருட்சகோதரிகளிடமும் பெற்றோர் கேட்பதுண்டு. கேட்கும்போதே மனத்தில் ஒரு கழித்தல் கணக்கு ஓடும். முத்தக் காட்சி கூடாது, குடி கூடாது, வெட்டுக்குத்து கூடாது, கெட்ட வார்த்தை காதில் விழக் கூடாது. இவ்வளவும் போக மிஞ்சுவது நல்ல படம். இந்தக் கணக்கில் நியாயம் இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை பார்க்கக் கூடாத காட்சிகள் உண்டு, அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் கணக்கு அதோடு நின்றுவிட்டால், தீமை எதுவும் இல்லாத, நன்மையும் எதுவும் இல்லாத படங்களே கையில் மிஞ்சும். இந்த அத்தியாயம் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்குகிறது. பார்த்து முடித்த பிள்ளை, பக்கத்தில் இருக்கும் மனிதரை முன்பைவிடச் சரியாகப் பார்க்கிறதா? அயலாரை அன்பு செய் என்று ஞாயிறுதோறும் கேட்கிற குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான உரைகல் கிடையாது. இந்தக் கேள்வியை வைத்துத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினால், பக்திப் படம், கல்விக் காணொளி, பொழுதுபோக்கு என்று நாம் போட்டு வைத்திருக்கிற பிரிவுகள் பல இடங்களில் உதவாமல் போவதையும் காணலாம்.

விருதுநகர் மாவட்டத்தில் எம்.ரெட்டியபட்டியைச் சுற்றிய நம் கரிசல் ஊர்களுக்குத் திரை புதிதல்ல. 1977இல் எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்றுதான் முதலமைச்சர் ஆனார். திரையில் பார்த்தது வாழ்க்கைக்குள் எவ்வளவு தூரம் வரும் என்பதை இந்த வட்டாரத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் கூரை வீட்டுக்குள்ளும் பெட்டியைக் கொண்டுவந்தது. பெட்டி ஒன்று, வீடும் ஒன்று. ஆகவே பாட்டி, தகப்பன், பிள்ளை எல்லோரும் ஒரே காட்சியைப் பார்த்தார்கள்; பிடிக்காதது வந்தால் யாராவது ஒருவர் முணுமுணுத்தார், யாராவது ஒருவர் மாற்றினார். 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது நிலைமை மாறியது. 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி அந்த மாதங்களில் பாடங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தது உண்மை. ஆனால் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவுக்கு என்று கடன் வாங்கியாவது ஒரு போன் வாங்க வேண்டியிருந்தது. பாடத்துக்காக வாங்கிய அந்தப் போன், பாடம் முடிந்த பிறகும் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. இப்போது பார்ப்பவர் தனி ஆள். முணுமுணுக்க ஆள் இல்லை. அதைவிட முக்கியமானது, பெரும்பாலான நேரம் அடுத்த காட்சியைப் பிள்ளையும் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரு காணொளி முடிந்ததும் அடுத்ததைத் தானே ஓட்டுகிற ஏற்பாட்டின் நோக்கம், பார்ப்பவரை இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பது ஒன்றுதான். நல்லதா கெட்டதா என்று பார்ப்பதற்கு முன்பே, இதை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

திருச்சபை இந்த விஷயத்தில் நடந்து வந்த பாதையைத் தெரிந்துகொள்வது பயனுள்ளது. பலர் அதில் முதல் கட்டத்தை மட்டுமே அறிந்திருக்கிறார்கள். 1936 ஜூன் 29 அன்று திருத்தந்தை 11ஆம் பயஸ் திரைப்படத்தைப் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் தீய படங்களுக்குப் போவதில்லை என்று உறுதிமொழி எடுத்ததை அதில் பாராட்டினார். மற்ற நாட்டு ஆயர்களும் அவ்வாறே ஆண்டுதோறும் உறுதிமொழி வாங்க வேண்டும், படங்களைத் தரம் பிரித்துப் பட்டியலிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தடுத்தலே அப்போது முதன்மையாக இருந்தது. 1957இல் 12ஆம் பயஸ் எழுதிய மடல் திரைப்படத்தோடு வானொலி, தொலைக்காட்சியையும் சேர்த்துக்கொண்டு, அவற்றை இறைவன் தந்த கொடைகளாகவும் பார்த்தது. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய தன் ஆணையை வெளியிட்டபோது, பார்ப்பவரின் பொறுப்பும் பெற்றோரின் கடமையும் மையத்துக்கு வந்தன. இளையோருக்கு இச்சாதனங்களைப் பயன்படுத்தக் கற்றுத்தரும் பயிற்சி கத்தோலிக்கப் பள்ளிகளில் வேண்டும் என்றும் சங்கம் சொன்னது. 1994ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாளுக்கு இரண்டாம் ஜான் பால் எடுத்துக்கொண்ட பொருளே தொலைக்காட்சியும் குடும்பமும், நல்ல முறையில் பார்ப்பதற்கான நெறிகளும்தான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாகப் பெட்டியை ஆக்கிவிடாதீர்கள் என்று அதில் பெற்றோரை எச்சரித்தார்.

அதற்கு அடுத்த ஆண்டு, திரைப்படத்தின் நூற்றாண்டை ஒட்டி வத்திக்கான் ஒரு பட்டியல் வெளியிட்டது. இம்முறை விலக்க வேண்டியவற்றின் பட்டியல் இல்லை. கவனிக்கத்தக்க 45 படங்களின் பட்டியல். சமயம், மானுட விழுமியம், கலை என்று மூன்று பிரிவுகள், பிரிவுக்குப் பதினைந்து. 'காந்தி' அதில் இருக்கிறது. சைக்கிள் திருடுபோன ஒரு கூலித் தொழிலாளியும் அவன் மகனும் ரோமாபுரித் தெருக்களில் அலைகிற 'பைசைக்கிள் தீவ்ஸ்' இருக்கிறது. சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' இருக்கிறது. சமயப் பிரிவில் இத்தாலிய இயக்குநர் பசோலினி 1964இல் எடுத்த, புனித மத்தேயு நற்செய்திப் படம் இருக்கிறது. பசோலினி கடவுள் நம்பிக்கை இல்லாதவர், மார்க்சியர். நடிகர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர். முதிய வயது மரியாவாக நடித்தவர் பசோலினியின் சொந்தத் தாய். தெற்கு இத்தாலியின் மட்டேரா பக்கத்துக் காய்ந்த பாறை நிலத்தில் எடுத்தார். நம் திருச்சுழிப் பக்கத்து ஆள் யாராவது அந்தப் படத்தைப் பார்த்தால், அந்த வெயிலையும் பல்லுப்போன கிழவிகளின் முகத்தையும் உடனே அடையாளம் கண்டுகொள்வார். இயேசு ஏழைகளோடு நடந்தார் என்று நாம் படிக்கிறோம். பளபளக்கும் உடையும் நீலக்கண்ணும் கொண்ட வழக்கமான இயேசு படங்களைவிட இந்தப் படத்தில்தான் அது கண்ணுக்குத் தெரிகிறது. எடுத்தவர் யார் என்ற முத்திரையைப் பார்த்து ஒதுக்கியிருந்தால் இந்தப் படம் அந்தப் பட்டியலுக்குள் வந்திருக்காது.

கதை பக்திக் கதையாக இருந்துவிட்டால் போதுமா என்பதற்குத் தமிழ்த் திரையிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. தேவமாதாவின் துணையால் துன்பத்திலிருந்து மீளும் 'ஞானசௌந்தரி' கதையை 1948இல் சிட்டாடல், ஜெமினி என்று இரண்டு நிறுவனங்கள் தனித்தனியே படமாக்கின. கதை ஒன்று, ஆண்டு ஒன்று. சிட்டாடல் படத்தை எல்லா மதத்தாரும் போய்ப் பார்த்தார்கள், அதன் மாதா பாட்டு இன்றும் ஆலயங்களில் கேட்கிறது. ஜெமினி படம் ஓடவில்லை. நம்பிக்கையைச் சொல்லும் படத்துக்கும் கைத்திறன் வேண்டும். அக்கறையில்லாமல் எடுத்த பக்திப் படம் பிள்ளைகளுக்குப் பக்தியைக் கற்றுத்தருவதில்லை, கொட்டாவியைத்தான் கற்றுத்தரும். மாதா தொலைக்காட்சியில் திருப்பலியும் செபமாலையும் மறையுரையும் வருகின்றன. ஆலயத்துக்கு வர முடியாத முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அது பெரிய ஆறுதல். ஆனால் அதை நாள் முழுக்க ஓடவிட்டுவிட்டு, எங்கள் வீட்டில் நல்லதுதான் ஓடுகிறது என்று திருப்தி அடைவதில் பொருள் இல்லை. பின்னணியில் ஓடும் செபம் யாரும் சொல்லாத செபம்.

பக்திப் படம் என்றால் எல்லா வயதுக்கும் ஏற்றது என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். தவக்காலத்தில் கோயில் முற்றத்தில் திரைகட்டிப் பாடுகளின் படம் காட்டுவது பல ஊர்களில் வழக்கம். 2004இல் மெல் கிப்சன் எடுத்த 'தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்' இதற்கு அடிக்கடி தேர்வாகிறது. கசையடிக் காட்சியை அந்தப் படம் நிமிடக்கணக்கில் நீட்டுகிறது. அமெரிக்காவில் பதினேழு வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையின்றி அதைத் திரையரங்கில் பார்க்க முடியாதபடிதான் சான்று கொடுத்தார்கள். நாம் அதே படத்தை முன்வரிசையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்துக் காட்டுகிறோம். இரத்தத்தைக் கண்டு பயந்த பிள்ளை அதை மீட்பின் கதையாக மனத்தில் வாங்காது. பெரியவர்கள் பார்க்கட்டும், சிறியவர்களுக்கு அன்று சிலுவைப்பாதையின் படங்களே போதும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். வன்முறைப் படத்திலும் கெட்டவன் கடைசியில் தண்டனை பெறுகிறானே, பிள்ளைகளுக்கு அது நல்ல பாடம்தானே என்று கேட்பார்கள். இதற்கு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1965இல் வெளியிட்ட ஆய்வு நேரடியாகப் பதில் சொல்கிறது. பெரியவர் ஒருவர் காற்றடைத்த பெரிய பொம்மையை அடித்து உதைக்கும் படத்தைச் சிறு குழந்தைகளுக்குக் காட்டினார்கள். ஒரு குழு பார்த்த படத்தின் முடிவில் அடித்தவருக்குப் பரிசு. இன்னொரு குழு பார்த்ததில் தண்டனை. மூன்றாவதில் இரண்டும் இல்லை. பிறகு பிள்ளைகளைப் பொம்மையோடு விட்டபோது, தண்டனையைப் பார்த்த குழு குறைவாகவே அடித்தது. இதுவரை மறுப்பு சொல்பவர் பக்கம்தான் வெற்றி. ஆனால் ஆய்வு அங்கே நிற்கவில்லை. படத்தில் பார்த்ததைச் செய்து காட்டினால் பழரசமும் படவில்லைகளும் உண்டு என்று சொன்னதும், மூன்று குழுவினரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் செய்து காட்டினார்கள். தண்டனையைப் பார்த்த பிள்ளையும் அடியை முழுதாகக் கற்றிருந்தது. தண்டனைக் காட்சி கையைக் கட்டியது, கற்றதை அழிக்கவில்லை. ஆகவே இரண்டு மணி நேரம் அரிவாளை அழகாகக் காட்டிவிட்டுக் கடைசி ஐந்து நிமிடத்தில் வசனத்தில் வைக்கிற நீதியை நம்பிப் படத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. படம் எதை ஆசையோடு பார்க்கிறது, கேமரா யார் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். பள்ளிச் சீருடையில் இருக்கும் பெண்ணைப் பின்தொடர்வதைக் காதல் என்று சிரிக்கச் சிரிக்கக் காட்டும் படத்தில் ஒரு சொட்டு இரத்தம் இல்லாமல் இருக்கலாம்; ஆனாலும் அது நம் பெண்பிள்ளைகளுக்கு எதிரான படம்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் 'கூழாங்கல்'. பி.எஸ். வினோத்ராஜ் இயக்கி, 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்ற படம். மேலூர்ப் பக்கத்து வறண்ட நிலத்தில் நடக்கிறது. குடிகாரத் தகப்பன் மகனைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துக்கொண்டு, தாய்வீட்டுக்குப் போய்விட்ட மனைவியைத் திரும்பக் கூட்டிவரப் போகிறான். திரும்பி வர வைத்திருந்த பணத்தைப் பையன் கிழித்துப் போட, இருவரும் கொதிக்கும் வெயிலில் நடக்கிறார்கள். கதை அவ்வளவுதான். கழித்தல் கணக்கு போட்டால் இந்தப் படம் தேறாது. குடி இருக்கிறது, அடி இருக்கிறது, வசவு இருக்கிறது. ஆனால் அந்தக் குடியைப் பார்த்து எந்தப் பையனும் குடிக்க ஆசைப்பட மாட்டான். நாவறட்சிக்குப் பையன் ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். வீட்டில் அப்படிச் சேர்த்த கற்கள் குவிந்திருப்பதைப் பிறகு பார்க்கிறோம்; அந்த நடை அவனுக்கு முதல் தடவை இல்லை என்பது யாரும் சொல்லாமலே புரிகிறது. வழியில் ஒரு குடும்பம் எலி வளையில் புகைபோட்டு எலி பிடிக்கிறது. கடைசியில் பெண்கள் ஊற்றுக்குழியில் ஊறுகிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக் குடத்தில் ஊற்றுகிறார்கள், அடுத்தவர் முறைக்காகக் காத்திருக்கிறார். கேமரா அவசரப்படவில்லை. ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் பார்ப்பவர் உடம்பால் உணர்கிறார்.

நாங்கள் தினமும் படுவதை எதற்குப் படமாகப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுத் தூக்கம்தான் கெடும் என்று சிலர் சொல்லக்கூடும். அலுத்து வந்த உடம்புக்குச் சிரிப்பு வேண்டும் என்பது உண்மை. நல்ல நகைச்சுவைக்கு எந்த வீட்டிலும் தடை வேண்டியதில்லை. ஆனால் குடிக்கிற தகப்பனோடு வாழும் பிள்ளைகள் நம் மறைக்கல்வி வகுப்பில் இருக்கிறார்கள், அதைப்பற்றி வாய் திறப்பதில்லை. தன் வீட்டைப் பற்றிப் பேச முடியாத பிள்ளை அந்தப் பையனைப் பற்றிப் பேசும். அதனால்தான் 'கூழாங்கல்' படத்தைப் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, ஒரு பெரியவர் கூட இருக்கும்போது மட்டும் காட்ட வேண்டும். சிறியவர்களுக்கு மணிகண்டனின் 'காக்கா முட்டை' இருக்கிறது. பாண்டிராஜின் 'பசங்க' இருக்கிறது. மூத்த மாணவர்களுக்கு நம் மாவட்டத்தைப் பற்றியே ஓர் ஆவணப்படம் உண்டு. சலம் பெனூர்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்', சிவகாசி வட்டாரத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் உழைத்த பிள்ளைகளைப் பதிவு செய்தது. தீப்பெட்டி ஒட்டிய பாட்டிகள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களையும் உட்கார வைத்துப் பார்த்தால், படம் முடிந்த பிறகுதான் உண்மையான பாடம் தொடங்கும்.

இளைஞர் இயக்கத்துக்கு மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து. சாதிப் படம் பங்குக்குள் பிளவை உண்டாக்கும் என்று பங்குப் பேரவையில் ஒருவர் எழுந்து சொல்லலாம். பிளவு ஏற்கெனவே இருக்கிறது. தீண்டாமை பாவம் என்றும் அதற்குத் திருச்சபையில் இடமில்லை என்றும் இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் 2016இல் தலித் மக்களுக்கான கொள்கை ஆவணத்தில் பகிரங்கமாகச் சொன்னது, அது நமக்குள்ளே இருப்பதால்தான். படத்தின் முடிவில் யாரும் யாரையும் வெட்டுவதில்லை. சாதியால் அவமானப்படுத்தப்பட்ட மாணவன், தன்னை அழிக்க நினைத்த குடும்பத்தின் தகப்பனோடு எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறான். ஒப்புரவைப் பற்றி இளைஞர்களிடம் பேச இதைவிட நல்ல தொடக்கம் அரிது. காட்டிவிட்டு விளக்கைப் போட்டதும் கலைந்து போகச் சொல்வதாக இருந்தால் மட்டும் காட்டாமல் இருப்பது மேல்.

கல்வி என்ற முத்திரைக்கு வருவோம். பச்சைக் குழந்தைக்கு ஆங்கில எழுத்துப் பாட்டுப் போட்டால் சீக்கிரம் படித்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பட்ரீசியா கூல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியை நேரில் பேசிக் கேட்க வைத்தார்கள். வேறு சில குழந்தைகளுக்கு அதே பேச்சைத் திரையில் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தன. திரையில் பார்த்தவை எதையும் கற்கவில்லை. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் இரண்டு வயது வரை திரையே வேண்டாம், ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. தாலாட்டுப் பாடத் தெரிந்த ஒரு பாட்டி வீட்டில் இருந்தால் அந்தக் குழந்தைக்கு வேறு காணொளி தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வித் தொலைக்காட்சிப் பாடங்கள் நன்றாகவே உதவுகின்றன, பக்கத்தில் நோட்டும் பேனாவும் இருந்தால். எழுதாமல் பார்த்த கணக்குப் பாடம் புரிந்தது போலத் தோன்றும், தேர்வில் கையை விரிக்கும்.

தணிக்கைச் சான்றிதழ் பாதி உதவும். 2023இல் திருத்தப்பட்ட சட்டப்படி, யு/ஏ என்ற பழைய ஒற்றைப் பிரிவு இப்போது ஏழு, பதின்மூன்று, பதினாறு வயதுக்கு மேல் என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ஓடிடி தளங்கள் 2021 விதிகளின்படி இதேபோல் வயதைக் குறிப்பிட வேண்டும். பதின்மூன்றுக்கு மேற்பட்ட பிரிவுகளுக்குப் பெற்றோர் பூட்டும் தர வேண்டும். அந்தப் பூட்டின் எண்ணை மூத்த பிள்ளையிடம் போடச் சொன்னால் பூட்டுப் போட்டதில் பயன் இல்லை, நீங்களே போடுங்கள். யூடியூபில் தனியார் போடும் காணொளிகளுக்குத் தணிக்கை கிடையாது. அங்கே முதல் வேலையாக ஆட்டோபிளேவை அணைத்துவிடுங்கள். அமைப்புகளில் ரெஸ்ட்ரிக்டட் மோடைப் போடுங்கள். எல்லாவற்றையும் தடுக்காது, ஓரளவு தடுக்கும். வாட்ச் ஹிஸ்டரியை அழித்துவிட்டால் அந்தப் போன் பழைய பழக்கத்தைக் கொஞ்சம் மறக்கும். பிறகு, பார்க்கப் போவது எது என்று வாயால் சொல்லிவிட்டு போனை எடுப்பதை வீட்டு வழக்கமாக்குங்கள். ஏதாவது பார்க்கிறேன் என்பதற்கு அனுமதி இல்லை. இதைப் பார்க்கிறேன் என்பதற்கு உண்டு.

பஞ்சாலை ஷிப்டுக்கும் நூறு நாள் வேலைக்கும் கரிமூட்டத்துக்கும் போய்விட்டு வரும் பெற்றோருக்கு உட்கார்ந்து பார்க்க ஏது நேரம் என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் வலுவானது. தினமும் கூடவே இருங்கள் என்று சொல்வது அவர்கள் வாழ்க்கை தெரியாதவர் பேச்சு. திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் குடும்பத்தைப் பற்றி எழுதிய மடலிலும், பிள்ளையை ஒவ்வொரு நிமிடமும் கண்காணிப்பது வளர்ப்பு ஆகாது, பிள்ளை மனத்தளவில் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பதே பெரிது என்கிறார். சாப்பாட்டு நேரத்தில் போன் வேண்டாம் என்பதை வீட்டில் எல்லோரும், பெரியவர்களும் சேர்த்து, கடைப்பிடித்தால் அந்த இருபது நிமிடத்தில் இன்றைக்கு என்ன பார்த்தாய் என்று கேட்க முடியும். கேட்கிற கேள்வி விசாரணையாக இருக்கக் கூடாது. அதில் உனக்கு யாரைப் பிடித்தது, யார்மேல் பாவமாக இருந்தது என்று கேட்டாலே பிள்ளை கதையைக் கொட்டிவிடும். வாரத்தில் ஒரு படம், ஞாயிறு மாலை, வீட்டில் இருப்பவர் எல்லோரும். இது பெரும்பாலான வீடுகளுக்கு முடியும்.

முடியாத வீடுகளுக்காகத்தான் பங்கின் அடிப்படைக் கிறிஸ்தவக் குழுவான அன்பியம் இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் மாதம் ஒரு சிறார் படம் காட்டிப் பேச வைக்கிறார்கள். அதே வழியை அன்பியக் கூட்டத்திலும் மறைக்கல்வி வகுப்பிலும் பின்பற்றலாம். ஓடிடி சந்தா வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே என்பதால், கோயில் முற்றத்தில் பொதுவில் காட்டும் படத்துக்கு உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். திருட்டுப் பிரதியில் நற்செய்திப் படம் காட்டுவது சரியில்லை. காட்டுகிறவர் முன்னதாகவே முழுப் படத்தையும் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். முன்னோட்டத்தை நம்பிப் போட்டுவிட்டு நடுவில் ரிமோட்டைத் தேடுவது நடக்கிற காரியம்தான். அப்படி நடந்தால் படத்தை நிறுத்திவிட்டு, ஏன் நிறுத்தினோம் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். படம் ஒன்றரை மணி என்றால் பேச்சுக்கு அரை மணி ஒதுக்குங்கள், முதலில் பிள்ளைகள் பேசட்டும், பெரியவர் கடைசியில். அடுத்த மாதப் படத்துக்கு இரண்டு பெயர்களைப் பிள்ளைகளே முன்மொழியட்டும். அவற்றை ஒரு பெரியவரும் எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட இருவரும் சேர்ந்து பார்த்து, ஒன்றை எடுத்ததற்கும் மற்றதை விட்டதற்கும் காரணத்தை அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னும் சொல்லட்டும்.